சாலை காத்தல்

உடலுக்கு நரம்பு எத்தகையதோ, அத்தகையது நாட்டிற்குச் சாலை. விளைபொருள் சந்தையை அடைவதும், பிணியாளர் மருத்துவமனையை அடைவதும், மாணவர் பள்ளியை அடைவதும் சாலையினாலேயாம். இதனைப் பண்டை மன்னரும் நன்கு உணர்ந்திருந்தனர். முதலாம் ஆதித்த சோழன் காலத்து ‘இராசகேசரிப் பெருவழி’யின் பெயர் பொறித்த கல்வெட்டு, கோவைக்கு அருகே இன்றும் உள்ளது. மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாளின் பெயரால் இன்றும் சாலைகள் வழங்குகின்றன. சாலை அமைத்தல் புகழ் தரும் செயல். அமைத்ததைக் காத்தலோ, புகழ் தராவிடினும், அதனினும் அரிய செயலாகும்.

1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் தமிழகத்தோடு இணைந்த கன்னியாகுமரி மாவட்டத்தில், மார்த்தாண்டத்திற்கும் தேங்காய்ப்பட்டணத்திற்கும் இடையே அமைந்த ஊர் புதுக்கடை. இது பேரூராட்சியாகும். நெடுஞ்சாலைகளைப் பேணுதல் நெடுஞ்சாலைத் துறையின் கடன். ஊரின் உட்சாலைகளையும் தெருக்களையும் பேணுதல் பேரூராட்சியின் கடன். 1992-ஆம் ஆண்டின் 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், நகர்ப்புற உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தற்குரிய பணிகளுள் சாலைகளையும் பாலங்களையும் சேர்த்துள்ளது.

சாலைக்குப் பகை இரண்டு: ஒன்று நீர், மற்றொன்று பாரம். இம்மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்கின்றன. தாரின் மேற்பரப்பில் மயிரிழை போன்ற வெடிப்பு ஒன்று தோன்றினால், அதன் வழியே நீர் இறங்குகிறது. அடியிலுள்ள சல்லியும் மண்ணும் நெகிழ்கின்றன. வண்டிகள் ஏறியிறங்க, அவ்விடம் குழியாகிறது. பாரத்தின் கொடுமையோ வியப்பிற்குரியது. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பெருஞ்சோதனை ஒன்று நடைபெற்றது. அச்சொன்றின் மேல் விழும் பாரம் இருமடங்கானால், சாலைக்கு நேரும் கேடு ஏறத்தாழ பதினாறு மடங்காகும் என்பது அதன் முடிபுகளிலிருந்து பெறப்பட்டது. சிற்றூர்தி பல ஓடினும் தாங்கும் தெரு, கல்லேற்றிய லாரி சில ஓடத் தளர்வது இதனாலேயாம்.

ஓட்டு வீடுடையோர் மழைக்கு முன்னரே உடைந்த ஓடுகளை மாற்றுவர். ஓர் ஓட்டின் விலைக்கு அஞ்சி வாளாவிருப்பின், நீர் ஒழுகிக் கழுக்கோலும் உத்திரமும் உளுத்துவிடும். சாலையும் அவ்வாறே. வெடிப்பை அடைத்தல், வடிகாலைத் தூர்வாருதல், மேற்பூச்சு இடுதல் ஆகியவை சிறுசெலவின. இவற்றைச் செய்யாதுவிட்டால், சாலையை அடியோடு பெயர்த்து அமைக்க நேரிடும். நகத்தால் கிள்ளற்பாலதைக் கோடரியால் வெட்டுவதன்றோ அது? 1988-ஆம் ஆண்டு உலக வங்கி, வளரும் நாடுகள் 85-இன் சாலைகளைக் குறித்து அறிக்கை வெளியிட்டது. 1,200 கோடி டாலருக்கும் குறைவாகச் செலவிட்டுக் காலத்தே பேணியிருப்பின், 4,500 கோடி டாலர் இழப்பைத் தவிர்த்திருக்கலாம் என்பது அதில் கண்ட உண்மை.

இங்கு ஓர் இடர்ப்பாடு எழுகிறது. பேரூராட்சி ஒன்றில் பத்துத் தெருக்கள் உள எனக் கொள்வோம். ஒன்று முற்றும் சிதைந்தது, நான்கு வெடிப்புக் கண்டவை, ஐந்து நல்லவை. கையிலுள்ள பொருளோ சிதைந்த ஒன்றைப் புதிதாக அமைக்கப் போதும். அல்லது வெடிப்புற்ற நான்கிற்கும் மேற்பூச்சு இடப் போதும். சிதைந்ததே முதலில் என்பது மக்கள் குரல். அங்ஙனமே செய்தால், சில ஆண்டுகளில் நான்கு தெருக்கள் சிதைந்து நிற்கும். நான்கையே காத்தால், சிதைந்த தெருவில் வாழ்வோர், “எங்கள் வீட்டு முதியோர் விழுந்து எழுகின்றனர், எம்மை மறந்தீரோ?” என வினவுவர். அவ்வினாவும் நேரியதே.

இரண்டையும் நிறுத்துப் பார்ப்பதே திட்டமிடல் எனப்படும். அதற்கு முதற்கண் வேண்டுவது சாலைப் பதிவேடு. ஒவ்வொரு தெருவின் நீளம், அகலம், அமைத்த ஆண்டு, இன்றைய நிலை, வடிகாலின் நிலை, செல்லும் வண்டிகள் ஆகியவற்றை ஆண்டுதோறும் நேரில் கண்டு எழுதுதல் வேண்டும். அடுத்து, எத்தெருவிற்கு எவ்வாண்டில் எப்பணி, எவ்வளவு செலவு என்று பல்லாண்டுத் திட்டம் வகுத்தல் வேண்டும். மூன்றாவதாக, வரவு செலவுத் திட்டத்தில் பேணுதற்கென ஒரு பங்கை முன்னரே ஒதுக்கி, அதனை வேறொன்றிற்கு எடுக்காதிருத்தல் வேண்டும். எஞ்சியதைக் கொண்டு சிதைந்த தெருக்களை வரிசையாகச் செப்பனிடலாம். முறை வரும்வரை குழிகளையேனும் நிரப்பி, நடப்பதற்கு ஏற்றதாக வைத்தல் கடமை. அவ்வரிசையையும் அதன் காரணத்தையும் மக்கள் அறிய வெளியிடுதலும் இன்றியமையாதது. காரணம் அறிந்தவர் காத்திருப்பர், அறியாதவர் ஐயுறுவர்.

வரவோ அளவுடையது. சொத்து வரி முதலியன ஒருபுறம்; ஐந்தாண்டுக்கு ஒருமுறை அமையும் மாநில நிதிக்குழுவின் பரிந்துரையால் வரும் பங்கு மற்றொருபுறம். அளவுடைய பொருளை ஆள்வோர்க்குக் கணக்கே கண்ணாகும்.

புதிய சாலைக்குத் திறப்பு விழா உண்டு. பெயர் பொறித்த கல்லும் உண்டு. அடைத்த வெடிப்பிற்கும் தூர்வாரிய வடிகாலுக்கும் அவை இல்லை. எனினும், பெருமழை பெய்த மறுநாள் காலையில் குழந்தைகள் கால் நனையாது பள்ளிக்குச் செல்வராயின், அதுவே அப்பணிக்கு வாய்த்த கல்வெட்டாகும். வரி செலுத்துவதும், வடிகாலில் குப்பை கொட்டாதிருப்பதும், கணக்கைக் கேட்டறிவதும் குடிமக்கள் கடன். ஊர்ச்சாலை ஊராரின் பொதுச்சொத்து. அதனைக் காத்தல் ஊரார் அனைவர்க்கும் பொதுவாகும்.