ஐஸ் உருகினா ஆல்கஹால் குறையுமா? ஒரு கிளாஸுக்குள்ள ஒரு மாஸ் பேலன்ஸ்

நான் ஃபைனல் இயர் கெமிக்கல். பள்ளிக்கூடம் முழுக்க இங்கிலீஷ் மீடியம். அதனால நடுநடுவே இங்கிலீஷ் எட்டிப் பார்க்கும், பொறுத்துக்கோங்க. இந்த இதழுக்கு ஒரு பாடம் எழுதச் சொன்னாங்க. எனக்கு உருப்படியா புரிஞ்ச ஒரே பாடம் ப்ராசஸ் கால்குலேஷன்ஸ். அது புரிஞ்சது எக்ஸாம் ஹால்ல இல்ல, ஒரு பார்ட்டிக்கு அப்புறம்.

போன செமஸ்டர் கடைசியில, வெளியில வாடகைக்கு இருக்கிற நண்பர்கள் ரூம்ல சினிமா பார்ட்டி. தீம் பேய்ப் படம். ஆளாளுக்கு முகத்துல பவுடர், கண்ணைச் சுத்தி கண்மை. சுவத்துல 1932-ல வந்த ‘ஒயிட் ஸோம்பி’ கருப்பு வெள்ளைப் படம் ஓடுது. படத்துக்குப் பொருத்தமா ட்ரிங்க்கும் வேணும்னு முடிவு பண்ணி, ‘ஸோம்பி’ங்கற காக்டெயிலைக் கலந்தது நான்தான். என் ரூம்மேட் கேட்டான், "ஸ்ட்ராங்கா இருக்குமாடா?" நான் சொன்னேன், "ஐஸ் நிறைய போட்டிருக்கேன்டா, லைட்டாதான் இருக்கும்."

அவன் ராத்திரி 11 மணி வாக்குல ரெண்டு கிளாஸ் குடிச்சான். நல்லா தூங்கினான். காலையில 7 மணிக்கு எழுந்து குளிச்சு, ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு பைக் எடுத்தான். காலேஜுக்கு முந்தின வளைவுல விழுந்தான். வலது மணிக்கட்டு எலும்பு முறிஞ்சது. எதிர்ல வண்டி எதுவும் வராதது அதிர்ஷ்டம். "தூங்கி எழுந்துட்டானே, அப்புறம் எப்படி?"ன்னு எல்லாரும் கேட்டாங்க. அந்தக் கேள்விக்கு விடைதான் இந்தக் கட்டுரை.

ஸோம்பி வந்த கதை

அமெரிக்காவுல மதுவிலக்கு 1933 டிசம்பர்ல முடிஞ்சது. அதையொட்டி ஹாலிவுட்ல ஒரு சின்ன பார் திறந்தவர் எர்னெஸ்ட் கேன்ட். பின்னாடி தன் பேரையே டான் பீச்னு மாத்திக்கிட்டார். ஊரே அவரை ‘டான் த பீச்கோம்பர்’னு கூப்பிட்டது. மூங்கில், தீவு அலங்காரம், ரம், சினிமாக்காரங்க கூட்டம்... இதுதான் அந்த இடம். 1934 வாக்குல அவர் உருவாக்கினது ஸோம்பி. ஒரு கிளாஸ்ல மூணு விதமான ரம். ஒரு ஆளுக்கு ரெண்டுக்கு மேல தர மாட்டோம்னு கடையிலயே ரூல் வச்சிருந்தாங்க. அது விளம்பரத்துக்கும் நல்லா உதவிச்சு. ஆனா அந்த ரூலுக்குப் பின்னாடி ஒரு கணக்கும் இருக்கு.

டான் தன் ரெசிபியை ரகசியமா வச்சிருந்தார். பார்ல வேலை பார்க்கறவங்களுக்கே சில பாட்டில்கள்ல என்ன இருக்குன்னு தெரியாது, சங்கேதப் பேர்தான் தெரியும். ஜெஃப் பெர்ரிங்கற ஆராய்ச்சியாளர் பல வருஷம் தேடி, பழைய ஊழியர் ஒருத்தரோட நோட்டுப் புத்தகம் வழியா அதைக் கண்டுபிடிச்சு, 2007-ல புத்தகமா போட்டார். கடைசியில சிக்கின பெரிய ரகசியம் என்ன தெரியுமா? பட்டை சிரப்!

ரெசிபி: ஒரு கிளாஸுக்கு

- கோல்டு ரம் (போர்ட்டோ ரிக்கோ வகை): 45 மி.லி.
- டார்க் ஜமைக்கா ரம்: 45 மி.லி.
- 151 ப்ரூஃப் டெமராரா ரம்: 30 மி.லி.
- எலுமிச்சை ஜூஸ்: 22 மி.லி.
- டான்ஸ் மிக்ஸ் (கிரேப்ஃப்ரூட் ஜூஸ் 2 பங்கு, பட்டை சிரப் 1 பங்கு): 15 மி.லி.
- ஃபலேர்னம் (இஞ்சி, கிராம்பு, எலுமிச்சைத் தோல் வாசனையோட வர்ற சிரப்): 15 மி.லி.
- கிரெனடின் (மாதுளை சிரப்): 1 டீஸ்பூன்
- அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் ஒரு சொட்டு, பெர்னோ 6 துளி
- நொறுக்கின ஐஸ்: சுமார் 170 கிராம்

எல்லாத்தையும் பிளெண்டர்ல 5 செகண்ட் ஓட்டி, உயரமான கிளாஸ்ல ஊத்தி, மேல புதினா வைக்கணும். அவ்வளவுதான். பெர்னோவுல வர்றது நம்ம சோம்பு மாதிரி வாசனை. ஆக, ஸோம்பிக்குள்ள சோம்பு. (இந்த ஜோக்குக்கு எடிட்டர் பொறுப்பில்லை.)

கணக்கு 1: எத்தனை கிராம்?

பேஸிஸ்: ஒரு கிளாஸ். 151 ப்ரூஃப்னா அமெரிக்கக் கணக்குல அதுல பாதி, அதாவது 75.5 சதவீதம். மத்த ரெண்டையும் 40 சதவீதம்னு வச்சுக்கலாம்.

45 × 0.40 = 18.0 மி.லி.
45 × 0.40 = 18.0 மி.லி.
30 × 0.755 = 22.65 மி.லி.
மொத்த எத்தனால் = 58.65 மி.லி.

எத்தனாலோட அடர்த்தி 0.789. பெருக்கினா 46 கிராம்.

46 கிராம்னா எவ்வளவு? 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மி.லி. பாட்டில் முழுசா குடிச்சா 41 கிராம். இந்த ஒரு கிளாஸ் அதைத் தாண்டிடுது. நம்ம ஊர் 42.8 சதவீத சரக்கு குவார்ட்டர்ல 61 கிராம் இருக்கு. அதாவது ஜூஸ் மாதிரி இனிக்கிற இந்த ஒரு கிளாஸ் முக்கால் குவார்ட்டர்.

நாக்கு ஏன் கண்டுபிடிக்கலை? சர்க்கரை, புளிப்பு, குளிர்ச்சி மூணும் சேர்ந்து ஆல்கஹாலோட எரிச்சலை மறைச்சிடுது. நாக்குக்கு ருசி தெரியும், கிராம் தெரியாது.

கணக்கு 2: ஐஸ் என்ன பண்ணுது?

நான் ரூம்மேட்டுக்குச் சொன்ன பதிலைச் சரிபார்க்கிற இடம் இது. ஐஸ் போடறதுக்கு முன்னாடி கிளாஸ்ல சுமார் 180 மி.லி. திரவம், நிறை 175 கிராம். வெப்ப ஏற்புத்திறனுக்கு தண்ணியோட மதிப்பையே எடுத்துக்கலாம். 30 டிகிரியில இருந்து 0 டிகிரிக்கு இறக்க 175 × 4.18 × 30, அதாவது சுமார் 22 கிலோ ஜூல் வெளியேறணும். ஒரு கிராம் ஐஸ் உருக 334 ஜூல் எடுத்துக்கும். வகுத்தா, 65 கிராம் ஐஸ் உருகியே ஆகணும். நொறுக்கின ஐஸுக்கு பரப்பளவு அதிகம், அதனாலதான் 5 செகண்ட்லயே வேலை முடியுது.

இப்போ மூணு நேரத்துல கிளாஸைப் பார்ப்போம்.

ஐஸ் போடறதுக்கு முன்: 180 மி.லி., 33 சதவீதம், எத்தனால் 46 கிராம்.
பிளெண்டர்ல ஓட்டினதும்: 245 மி.லி., 24 சதவீதம், எத்தனால் 46 கிராம்.
ஐஸ் முழுக்க உருகினதும்: 350 மி.லி., 17 சதவீதம், எத்தனால் 46 கிராம்.

கடைசி எண்ணைப் பாருங்க. மாறவே இல்லை. சதவீதம் குறைஞ்சது, கிராம் குறையலை. உள்ள போனது எங்கயும் போகலை. இன்புட் ஈக்குவல் டு அவுட்புட், செகண்ட் இயர்ல முதல் கிளாஸ்ல போர்டுல எழுதின அதே வரி. கிளாஸை முழுசா குடிக்கிறவன் 46 கிராமையும்தான் குடிக்கிறான். "ஐஸ் போட்டிருக்கேன், லைட்டா இருக்கும்"னு நான் சொன்னதுல ‘லைட்’டா இருந்தது ருசி மட்டும்தான்.

கணக்கு 3: உடம்புல எவ்வளவு நேரம்?

ஸ்வீடனைச் சேர்ந்த எரிக் விட்மார்க் கொடுத்த ஃபார்முலா ரொம்ப சிம்பிள். குடிச்ச ஆல்கஹாலை உடல் எடையாலும் ஒரு காரணியாலும் வகுக்கணும். காரணி ஆணுக்கு சுமார் 0.68, பெண்ணுக்கு சுமார் 0.55. இது தோராயம்தான், ஆளுக்கு ஆள், சாப்பாட்டுக்கு ஏத்த மாதிரி மாறும்.

60 கிலோ எடையுள்ள ஆண், ஒரு ஸோம்பி: 46 ÷ (60 × 0.68). ரத்தத்துல 100 மி.லி.க்கு சுமார் 113 மில்லிகிராம். ரெண்டு குடிச்சா சுமார் 226. நம்ம மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 185 சொல்ற எல்லை 30.

அடுத்து, வெளியேறும் வேகம். நம்ம ரியாக்‌ஷன் இன்ஜினியரிங்ல வர்ற ஜீரோ ஆர்டர் ஞாபகம் இருக்கா? கல்லீரல்ல இருக்கிற என்ஸைம் சீக்கிரமே ஃபுல் லோடுக்குப் போயிடும். அதுக்கப்புறம் எவ்வளவு ஆல்கஹால் இருந்தாலும் வேகம் ஒண்ணுதான், மணிக்கு ஏறக்குறைய 15 மில்லிகிராம். கடுங்காபி, மோர், பச்சைத்தண்ணிக் குளியல், தூக்கம் எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. குளிச்சா ஃப்ரெஷ்ஷா தெரியும், அவ்வளவுதான்.

ராத்திரி 11-ல இருந்து காலை 7 வரை 8 மணி நேரம். 8 × 15 = 120. 226-ல 120 போனா 106. அதாவது தூங்கி, குளிச்சு, ஹெல்மெட் மாட்டிக்கிட்டு கிளம்பினப்போ அவன் சட்ட எல்லைக்கு மூணு மடங்குக்கு மேல இருந்திருப்பான். எல்லைக்குக் கீழ வர மத்தியானம் 12 மணி ஆகியிருக்கும். அன்னிக்கு யாரும் அளந்து பார்க்கலை, இது கணக்கு மட்டும்தான். இன்னொண்ணு: 151 ப்ரூஃப் ரம் கிடைக்கலைன்னு நான் சாதா டார்க் ரம்மை 60 மி.லி. ஊத்தி ‘ஈடு’ கட்டினேன். அப்படிப் பார்த்தா எங்க கிளாஸ்ல 46 கிராமுக்கும் மேல.

அப்போ எப்படித்தான் கலக்கிறது?

தமிழ்நாட்டுல 21 வயசு ஆகாதவங்க நேரா ஜீரோ வெர்ஷனுக்குப் போயிடுங்க. ஹாஸ்டல்ல இருக்கிறவங்களுக்கும் அதேதான்.

ஜீரோ வெர்ஷன்: ரம்முக்குப் பதிலா பால் சேர்க்காத ஸ்ட்ராங் டீ, ஆற வச்சது 90 மி.லி. மீதி எல்லாம் அதே அளவு, பிட்டர்ஸும் பெர்னோவும் மட்டும் வேண்டாம். கிரேப்ஃப்ரூட் கிடைக்கலைன்னா பம்ளிமாஸ். பட்டை சிரப்புக்கு ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் தண்ணி, மூணு துண்டு பட்டை. கொதிக்க வச்சு, ஆறினதும் வடிகட்டணும். டீயோட துவர்ப்பும் மாதுளையோட நிறமும் சேர்ந்து அதே இருட்டு கலர் வரும். டானோட ரகசியம் பட்டையில இருந்ததால ருசியில பெரிய நஷ்டம் இல்லை.

சிங்கிள் வெர்ஷன்: ஒரே ஒரு டார்க் ரம் 45 மி.லி., கூட டீ 60 மி.லி. எத்தனால் 14 கிராம். அமெரிக்காவுல ‘ஒரு ஸ்டாண்டர்ட் ட்ரிங்க்’னு சொல்ற அளவு இதுதான்.

கலக்கிறவங்களுக்கு மூணு விஷயம். ஒண்ணு, கண்ணளவுல ஊத்தாதீங்க, அளந்து ஊத்தி, ஒரு கிளாஸ்ல எத்தனை கிராம்னு ஒரு பேப்பர்ல எழுதி ஜாடியில ஒட்டுங்க. ரெண்டு, குடிச்சதோட விளைவு முழுசா தெரிய அரை மணியில இருந்து ஒரு மணி நேரத்துக்கு மேலயும் ஆகலாம். ப்ராசஸ் கண்ட்ரோல்ல வர்ற டைம் லேக் மாதிரி. "ஒண்ணும் ஏறலையே"ன்னு உடனே ரெண்டாவது எடுக்கிறவனை நிறுத்துங்க. மூணு, யாராவது எழுப்பியும் எழலைன்னா, மூச்சு மெதுவாவோ விட்டு விட்டோ வந்தா, ஒருக்களிச்சுப் படுக்க வச்சு 108-க்கு போன் பண்ணுங்க. ‘தூங்கட்டும்’னு தனியா விடாதீங்க. பைக் சாவிகளை முதல்லயே ஒரு டப்பாவுல வாங்கி வச்சு, மறுநாள் மத்தியானம் கொடுங்க.

ரூம்மேட் கை இப்போ பரவாயில்லை. கட்டு பிரிச்சாச்சு, டைப்பிங் மட்டும் இன்னும் மெதுவாதான். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல அவனோட பங்கையும் நான்தான் டைப் பண்றேன். இந்தக் கட்டுரையை அவன்கிட்ட முதல்ல படிக்கக் கொடுத்தேன். படிச்சிட்டு ஒண்ணுதான் கேட்டான்: "இந்தக் கணக்கு உனக்கு அன்னிக்கே தெரியும்தானேடா?"

தெரியும். செகண்ட் இயர்ல இருந்தே தெரியும். போடலை, அவ்வளவுதான். நீங்க கலக்கிறதுக்கு முன்னாடி போட்டுடுங்க.