நடந்தால் எரிச்சல் அடங்குமா?

கேள்வி: எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலைத் தாண்டி வீடு வந்தால் எரிச்சல்தான் மிச்சம். உடற்பயிற்சி மன அழுத்தத்தைக் குறைக்குமா?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: குறைக்கும். வேகமாக ஓடும்போதும் மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் ஏறத்தான் செய்யும். ஆனால் தொடர்ந்து பழகிய உடல், படபடப்பிலிருந்து சீக்கிரம் மீளக் கற்றுக்கொள்கிறது. தூக்கமும் நன்றாக வரும். பாதிப் பலன் அதில்தான் என்பேன். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் வேக நடை போன்ற மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்களுக்கோ அல்சூர் ஏரி பக்கத்திலேயே. 1870-இல் உருவான கப்பன் பூங்காவும் தூரமில்லை. (காதில் அலுவலக மீட்டிங்கோடு நடப்பது கணக்கில் சேராது!) சில்க் போர்டு நெரிசலை எந்த நடையும் கரைக்காது. சோர்வும் தூக்கமின்மையும் வாரக்கணக்கில் நீடித்தால் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள். தமிழிலும் பேசலாம், கட்டணம் கிடையாது.