சுழி இழுத்ததா?

மக்கா, ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் வகுப்புல 'எடி'ன்னு கேட்டதும் சிரிப்பு வந்திருக்கும். நம்ம ஊர்ல அது யாரையோ கூப்பிடுற மாதிரி இருக்கும்லா? அதுக்கு நம்மகிட்ட இருக்கிற சொல் சுழி. பிளஸ் டூ இயற்பியலில் 'சுழல் மின்னோட்டம்' படித்தோமே, அதுவும் இந்தக் குடும்பம்தான்.

சுழல், சுழற்சி, சுழி எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை. சுற்றித் திரும்புவது என்பதே அடிப்படைப் பொருள். மூணு சுழி 'ண', பிள்ளையார் சுழி, மாடு வாங்கும்போது பார்க்கிற சுழி, பூஜ்யத்தைக் குறிக்கும் சுழி, எல்லாத்துலயும் ஒரு வளைவு இருக்கு. மலையாளத்திலும் சுழிதான், கன்னடத்தில் சுளி, தெலுங்கில் சுடி. நம்ம 'ழ' ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு மாதிரி உருண்டிருக்கு.

ஆற்றில் தண்ணீர் கூடும்போது குழித்துறைப் பாலத் தூணுக்குப் பின்னால் பாருங்க. தூணை ஒட்டி வரும் நீர் வேகம் இழந்து, பக்கத்தில் ஓடும் வேகமான நீரோடு ஈடுகொடுக்க முடியாமல் சுருண்டு திரும்பும். அது அசல் சுழி.

மண்டைக்காடு கடலுக்கு வந்தால்தான் சிக்கல். மாசிக்கொடைக்கு வருகிறவர்கள் கடலில் கால் நனைக்காமல் போவது அபூர்வம். யாராவது மாட்டினால் "சுழி இழுத்துட்டுப் போச்சு" என்போம். இந்தப் பேச்சோடுதான் எனக்குச் சண்டை. கடற்கரையில் ஆளை இழுப்பது பெரும்பாலும் சுற்றுகிற நீரே இல்லை. கரையேறிய அலைநீர், மணல்திட்டுகளுக்கு நடுவே இருக்கும் பள்ளம் வழியாகக் கடலுக்குத் திரும்பும் ஒடுங்கிய ஓட்டம் அது. கீழே உறிஞ்சாது, வெளியே கொண்டுபோகும். அந்த இடத்தில் அலை குறைவாக உடைவதால் அமைதியாகத் தெரியும்; 'இங்க இறங்கலாம்'னு தோணும். சுழி என்று நினைத்துப் பதறி, கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போட்டால் கை ஓய்ந்துவிடும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, ஓட்டத்தை விட்டு வெளியே வந்தபிறகு கரைக்குத் திரும்பணும். முடியலன்னா மிதந்துகிட்டே கையைத் தூக்கிக் கத்தணும்.

2024 மே 6 அன்று, இதே கடற்கரையில் கிழக்கே, கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். நம்ம வயசுதான். அந்த நாட்களில் இருந்தது கள்ளக்கடல் எச்சரிக்கை. தெற்கே வெகு தூரத்தில் பிறந்த அலை, இங்கே காற்றே இல்லாத நேரத்திலும் கள்ளன் மாதிரி வந்து ஏறும். மீனவர் வாயில் பிறந்த அந்தச் சொல்லை 2012-ல் யுனெஸ்கோவும் ஏற்றுக்கொண்டது. ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் எச்சரிக்கை விடும்போதும் இந்தப் பேரையே சொல்லும்.