புத்தாண்டும் உணவு நியமமும்

சித்திரை முதல் நாளன்று ஜினாலயம் சென்று பகவானைத் தொழுது திரும்புங்கால், "இன்று முதல் இதனை உண்ணேன்" என்று உறுதி கொள்ளும் வழக்கம் நம்மில் பலர்க்கு உண்டு. அவ்வுறுதி ஆடி வரைகூட நிற்பதில்லை என்பதும் நாம் அறிந்ததே. குறை எங்குள்ளது என்று சிறிது ஆராய்வோம்.

சமந்தபத்திர சுவாமிகள் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரம், போகோபபோக பரிமாணம் என்னும் குணவிரதத்தை விளக்குமிடத்து, விலக்கு இருவகைப்படும் என்கிறது. வாழ்நாள் முழுதும் கைக்கொள்வது யமம். கால வரையறையுடன் கைக்கொள்வது நியமம். ஒரு பகல், ஓர் இரவு, ஒரு பக்கம், ஒரு திங்கள், இரு திங்கள் கொண்ட பருவம், ஆறு திங்கள் என அவ்வரையறையையும் அந்நூலே எடுத்துரைக்கிறது. இல்லறத்தாரின் மெலிவை நன்கறிந்த ஆசிரியர் அவர். நாமோ எடுத்த எடுப்பிலேயே யமத்திற்குத் துணிகிறோம்.

எமது இல்லத்தில் நிகழ்ந்ததையே கூறுவோம். ஒரு சித்திரையில் இரவுண்ணாமையை வாழ்நாள் விரதமாக ஏற்றோம். அத்திங்களில் சென்னையில் கதிரவன் மறைய மாலை ஆறே கால் ஆகிவிடும். விடுமுறைக் காலமுமாதலின் இடர் தோன்றவில்லை. கார்த்திகை பிறந்ததும் ஐந்தே முக்காலுக்கு முன்னரே பொழுது சாய்ந்தது. அலுவலகத்திலிருந்து யாம் வீடு சேர்வதோ ஏழு மணிக்கு. விரதம் முறிந்தது. மறு ஆண்டு, அட்டமி, சதுர்த்தசி நாள்களில் மட்டும் என்று ஒரு திங்களுக்கு நியமம் ஏற்று, மாலை உணவைக் கையோடு கொண்டு சென்றோம். அது நிலைத்தது, திங்கள்தோறும் புதுப்பித்து வருகிறோம்.

இன்னொன்றும் உண்டு. விரதம் ஏற்பவர் ஆடவர்; அதன் சுமையைத் தாங்குபவர் அடுக்களையில் நிற்கும் பெண்டிர். தந்தைக்குக் கிழங்கு ஆகாது, பிள்ளைகளுக்குக் கிழங்கின்றி ஆகாது என்றால், தாய் இரு சமையல் செய்ய நேர்கிறது. சமைப்பவரைக் கேளாமல் ஏற்கும் உணவு நியமம் பாதி நியமமே என்பது எம் கருத்து. உருளைக்கிழங்கு வறுவலுக்கு மாற்றாக வாழைக்காயையும், வெங்காயம், பூண்டுக்கு மாற்றாகப் பெருங்காயத்தையும் சீரகத்தையும் முதலில் கண்டவர் எம் இல்லத்தரசியாரே.

எதனை விலக்குவது? பயன் சிறிதாய், உயிர்க்கேடு பெரிதாய் உள்ளவற்றை விலக்குக என்று கூறும் அந்நூல், பச்சை இஞ்சி, வெண்ணெய், தாழம்பூ ஆகியவற்றோடு வேப்பம்பூவையும் குறிப்பிடுகிறது. புத்தாண்டு நாளிலேயே அண்டை வீட்டார் அன்புடன் அளிக்கும் வேப்பம்பூப் பச்சடியை எண்ணிப் பார்க்க! நம்மில் சிலர் இதனை அறியாமலே உண்கின்றனர். இஞ்சிக்கு மாற்றாகச் சுக்கு இருக்கவே இருக்கிறது.

இவ்விரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள் கூறப்பட்டுள்ளன. முன்னர் நுகர்ந்த சுவையை நினைந்து ஏங்குதல் அவற்றுள் ஒன்று. இனி நுகரப்போவதற்கு ஆவலுறுதல் மற்றொன்று. நியமம் முடியும் நாளை நாட்காட்டியில் எண்ணிக்கொண்டிருப்போர் இதனைக் கருத வேண்டும். எமது இல்லத்தில், முடியும் நாளின் பகலுணவின்போதே அடுத்த திங்களுக்குரியதை ஒவ்வொருவரும் கூறிவிடுகிறோம். சென்ற சித்திரையில் எம் இளைய மகள் பச்சை இஞ்சியைத் தேர்ந்தாள். அவள் அதற்கு முன்னும் இஞ்சியைத் தொட்டதில்லை என்பதை அவள் அன்னையார் பின்னரே நினைவூட்டினார்.