அடைக்கலப் பொருளும் மயிலை நிதிகளும்



மயிலாப்பூர் என்றதும் நம்மவர் உள்ளம் முதலில் நேமிநாத சுவாமியையே நாடும். கடலோர ஆலயத்தில் விளங்கிய அப்பெருமானின் திருவுருவம் பின்னாளில் மேல்சித்தாமூரில் எழுந்தருளியது என்பது நம் மரபு. குணவீர பண்டிதர் தம் இலக்கண நூலுக்கு ‘நேமிநாதம்’ எனப் பெயரிட்டதும் அப்பெருமானை எண்ணியே. அதே மயிலையில் நூற்றைம்பது ஆண்டுகளாக மக்கள் நாவில் வழங்கிவரும் மற்றொரு சொல் ‘நிதி’ என்பது. சக்கரவர்த்தியின் நவநிதிகளைப் பற்றிக் கேட்டு வளர்ந்த நமக்கு அச்சொல் புதிதன்று. ஆனால் மயிலை நிதி அரசனுடையதன்று. சிறு வருவாயினர் பலர் கூடிச் சேர்த்தது.

1872ஆம் ஆண்டில் மயிலாப்பூர் இந்து பெர்மனன்ட் பண்ட் என்னும் நிதி தோன்றியது. அக்காலத்தில் மாதச் சம்பளம் பெறும் எழுத்தருக்கோ ஆசிரியருக்கோ மகள் திருமணம், வீட்டுப் பழுது, திடீர் நோய் என்று செலவு நேர்ந்தால் வட்டிக்கடை ஒன்றே புகலிடம். ஒருவரையொருவர் அறிந்தவர்கள் மாதந்தோறும் சிறு தொகை செலுத்தி, சேர்ந்த பணத்திலிருந்து தம்முள் தேவைப்படுவோருக்கு நகையின் பேரிலோ வீட்டின் பேரிலோ கடன் கொடுத்துக்கொண்டனர். கடன் வாங்கியவர் செலுத்தும் வட்டியே சேமித்தவருக்கு ஆதாயமாயிற்று.

‘பெர்மனன்ட்’ என்னும் அடைமொழிக்கு ஒரு காரணம் உண்டு. நம் ஊர்ச் சீட்டு, சேர்ந்தவர் அனைவரும் பணம் எடுத்தவுடன் முடிந்துவிடும். இங்கிலாந்தில் வீடு கட்டுவதற்காகத் தோன்றிய பழைய சங்கங்களும் அவ்வாறே, உறுப்பினர் எல்லோருக்கும் வீடு அமைந்ததும் கலைந்தன. பின்னர் அங்கு கலையாத சங்கங்கள் தோன்றின. அம்முறையையும் நம் சீட்டு வழக்கத்தையும் இணைத்து அமைந்தவையே சென்னை நிதிகள். ஒருவர் விலகினால் மற்றொருவர் சேர்வார்; நிதி நிலைத்திருக்கும்.

விவசாயக் கடன் பற்றி ஆராய்ந்து 1895இலும் 1897இலும் அறிக்கை அளித்த பிரடெரிக் நிக்கல்சன் என்னும் ஆங்கில அதிகாரி, இந்நிதிகளை விரிவாக ஆராய்ந்தவர். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றி, பண்டகசாலை நடத்தும் பணியில் பெயர் பெற்றது.

1906 அக்டோபரில் அர்பத்நாட் என்னும் ஆங்கிலேய வணிக நிறுவனம் நொடித்தது. பெரிய நிறுவனம், வெள்ளையர் நிறுவனம் என்று நம்பிப் பணம் போட்ட ஆயிரக்கணக்கானோர் தவித்தனர். அதன் தலைவருக்கு மறு ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. ஆயினும் போன பணம் முழுதும் மீளவில்லை. மயிலையில் வாழ்ந்த வழக்கறிஞர் வி. கிருஷ்ணசுவாமி ஐயர் முன்னின்று முயன்றதால் 1907இல் இந்தியன் வங்கி தோன்றியது.

அர்பத்நாட்டில் பணம் இழந்தவர் அந்நியரிடம் ஏமாந்தோம் என்று ஆறுதல் கொள்ள இயன்றது. பின்னாளில் அந்த ஆறுதலும் இல்லாமற் போயிற்று. 1990களின் இறுதியில் சென்னையின் நிதிகள் சில, கூடுதல் வட்டியைக் காட்டித் தொலைவிலுள்ளோரிடமும் பணம் திரட்டி, அதனைத் திருப்பித் தர இயலாமல் நின்றன. 2000இல் மத்திய அரசு சபாநாயகம் தலைமையில் வல்லுநர் குழு அமைத்தது. 1872இல் தொடங்கிய மயிலை நிதியே, முதிர்ந்த வைப்புத்தொகையைத் தரவில்லை என்ற புகாருக்கு உள்ளாகி, அதன் நிர்வாக இயக்குநர் 2024 ஆகஸ்டில் கைது செய்யப்பட்டார். குற்றம் மெய்யா என்று முடிவு கூறுவது நீதிமன்றத்தின் பொறுப்பு. ஓய்வூதியத்தை அங்கே வைத்திருந்த முதியோரின் துயரம் மட்டும் எவரும் மறுக்க இயலாதது.

இங்கே நம் ஆகமத்தின் பக்கம் திரும்புவோம். சத்தியாணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களை உமாஸ்வாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் அடுக்குகிறார். பொய்யாவணம் எழுதுதல் அவற்றுள் ஒன்று. அதனையடுத்து நிற்பது நியாசாபகாரம், அதாவது அடைக்கலமாக வைத்த பொருளைக் கவர்தல். சமந்தபத்திரரும் இரத்தினகரண்டகத்தில் இதனைக் கூறுகிறார். பிறர் பொருளைக் கவர்வது களவாயிற்றே, அதனை அசௌரியத்தில் சேர்க்காமல் வாய்மையில் சேர்த்தது ஏன் என்ற ஐயம் எனக்கு நெடுநாள் இருந்தது. பூஜ்யபாதரின் சர்வார்த்தசித்தி உரை அதனைத் தீர்த்தது. பொன்னை ஒப்படைத்தவன் நாளடைவில் எண்ணிக்கையை மறந்து, குறைத்துக் கேட்கிறான். பத்து வைத்தவன் எட்டு என்கிறான் என்று கொள்வோம். வாங்கி வைத்தவன் பெட்டியை உடைக்கவில்லை, பூட்டைத் திறக்கவில்லை. “ஆம், அவ்வளவுதான்” என்று இசைகிறான். அந்த இசைவுச் சொல்லே குற்றம். ஆதலால் அது வாய்மைக்கு நேர்ந்த பழுது ஆகிறது. நிதியின் நிர்வாகக் குழுவில் இருப்பவர், கணக்கில் பிழை கண்டும் தலையசைத்துக் கையொப்பமிட்டால் அவரை எங்கே வைப்பது? பூஜ்யபாதரின் பொருளை அவ்வளவு தூரம் நீட்டலாம் என்பது என் கருத்து. கற்றறிந்த பெரியோர் மறுப்பின் கேட்டுக்கொள்வேன்.

வந்தவாசி, திண்டிவனம், ஆரணிப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து வந்து சென்னையில் குடியேறிய நம் குடும்பங்கள் பலவற்றுக்கு நிதி, சீட்டு இரண்டும் பழக்கமானவை. ஆதலின் சட்டம் கூறுவதையும் அறிந்திருத்தல் நலம். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 406ஆம் பிரிவும் 2014ஆம் ஆண்டு விதிகளும் நிதிகளை ஆள்கின்றன. உறுப்பினரிடம் மட்டுமே பணம் பெறலாம். உறுப்பினருக்கு மட்டுமே கடன் தரலாம். சீட்டு நடத்தக்கூடாது. வைப்புத்தொகை வேண்டி விளம்பரம் செய்யக்கூடாது. சொந்த நிதியைப்போல் இருபது மடங்குக்கு மேல் வைப்புத்தொகை ஏற்கக்கூடாது. தொடர்ந்து மூன்றாண்டு இலாபம் ஈட்டினால்தான் மாவட்டத்துக்குள் மூன்று கிளைகள் வரை திறக்கலாம். இவ்விதி பழைய அக்கம்பக்கத்து நிலையை மீட்க முயல்வதாகவே எனக்குத் தோன்றுகிறது. வங்கி வைப்புக்கு 2020 முதல் ஐந்து இலட்சம் ரூபாய் வரை உள்ள காப்புறுதி, நிதிக்குக் கிடையாது. அதிக வட்டி என்று கேட்டவுடன் ஓடுவோர் இதனைக் கருதுவதில்லை.

வைப்புத்தொகை வைக்கும் ஒவ்வொருவருக்கும் நிதி குறைந்தது பத்துப் பங்குகளோ நூறு ரூபாய் மதிப்புள்ள பங்குகளோ ஒதுக்க வேண்டும் என்பதும் விதியே. ஆகவே பணம் போட்டவர் வாடிக்கையாளர் அல்லர், உடைமையாளருள் ஒருவர். ஆண்டுப் பேரவைக்குச் செல்லவும் வரவு செலவைக் கேட்கவும் அவருக்கு உரிமை உண்டு. பங்கு மிகுதியாக உடையவருக்கு அதற்கான அழைப்பும் ஆண்டறிக்கையும் ஆண்டுதோறும் வருகின்றன; சிறு பங்குடையோருக்குச் செய்தித்தாள் அறிவிப்பே போதும் என்பது நிதிகளுக்கு உள்ள சலுகை. நம் இல்லங்கள் பலவற்றில் அவ்வுறை பிரிக்கப்படாமலோ அவ்வறிவிப்பு படிக்கப்படாமலோ பழைய செய்தித்தாள்களோடு சேர்ந்துவிடுகிறது.