பம்பு இல்லாத சக்ஷன்!

ஹைட்ராலிக்ஸ் லேபில் செண்ட்ரிஃபியூகல் பம்பு எக்ஸ்பெரிமெண்ட் செய்தபோது ஒரு விஷயம் நம் எல்லோர் மண்டையிலும் ஏறியிருக்கும். எவ்வளவு பெரிய மோட்டாரை மேலே வைத்தாலும் சக்ஷனில் 10 மீட்டருக்கு மேல் தண்ணீர் ஏறாது. காற்றழுத்தம் தள்ளிவிடுவது அவ்வளவுதான். நடைமுறையில் 7 மீட்டர் ஏறினாலே பெரிய காரியம். இந்தக் கணக்கை மனசில் வைத்துக்கொண்டு என்னோடு அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துக்கு வாருங்கள். டிக்கெட் செலவு இல்லை!

அங்கே டூசான் நகரைச் சுற்றிலும் சொனோரா பாலைவனம். வருஷத்துக்குச் சுமார் 300 மி.மீ. மழை. அந்த மண்ணில் நிற்கிற முக்கியமான மரம் மெஸ்கீட். பெயர்தான் புதுசு, நம்ம ஊர்க் கண்மாய்களைப் பிடித்துக்கொண்டிருக்கும் சீமைக்கருவேலத்துக்கு அது நெருங்கிய பங்காளி. டூசான் பக்கம் ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தில், தரைக்குக் கீழே 53 மீட்டர் ஆழத்தில் மெஸ்கீட் வேரைப் பார்த்ததாக 1963-ல் ஓர் அறிவியல் இதழில் குறிப்பு வந்தது. 53 மீட்டர் என்றால் ஏற்றுவதற்கு மட்டுமே 5 பாருக்கு மேல் வேண்டும். நம்ம சக்ஷன் பைப்பில் உச்சமே 1 பார்தான். அப்படியானால் மரம் எப்படி ஏற்றுகிறது?

இலையில் தண்ணீர் ஆவியாகப் போகப் போக, சைலம் குழாய்களில் இருக்கும் தண்ணீர் ஒரு கயிறு மாதிரி மேலே இழுபடுகிறது. தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொள்வதால் கயிறு அறுவதில்லை. பாலைவனச் செடிகளில் இந்த இழுவிசை 20, 30 பார் வரைக்கும் போகும். ரொம்ப இழுத்தால் ஆபத்தும் உண்டு. குழாய்க்குள் காற்றுக்குமிழ் விழுந்து அந்த வழி அடைபட்டுப் போகும். நாம் படிக்கிற கேவிடேஷனேதான். அதனால் வறட்சியில் உச்சி வெயில் ஏறினால் மெஸ்கீட் தன் இலைத்துளைகளைச் சுருக்கிக்கொள்ளும். வால்வைத் திருகுகிற மாதிரி!

இவ்வளவு பாடுபட்டு ஏற்றின தண்ணீரில்தான் ஒருத்தன் பங்குக்கு வருகிறான். பெயர் பாலைவனப் புல்லுருவி. தாவரவியலில் ஃபோராடென்ட்ரான் கலிஃபோர்னிக்கம். இலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது, சும்மா செதில்கள்தான். பச்சைக் குச்சிகள் கொத்தாகத் தொங்கும். பச்சையம் இருப்பதால் தன் சாப்பாட்டைக் கொஞ்சம் தானே சமைத்துக்கொள்ளும். ஆனால் மண்ணில் வேர் இல்லை. மரப்பட்டையைத் துளைத்து உறிஞ்சு வேரை உள்ளே விட்டு, மரத்தின் சைலத்தோடு ஜாயிண்ட் போட்டுக்கொள்கிறது. மெஸ்கீட், பாலோ வெர்டே, அயர்ன்வுட் என்று பெரும்பாலும் அவரை இனத்து மரங்களாகப் பார்த்துத்தான் பிடிக்கும்.

நான் முதலில் இதற்குள் ஏதோ உறிஞ்சுகிற உறுப்பு இருக்கும்னு நினைத்தேன். படித்துப் பார்த்தால் அப்படி எதுவும் இல்லை. அதன் தந்திரம் வேறே. மரம் வால்வை மூடுகிற நேரத்திலும் இது மூடுவதில்லை. தாராளமாக ஆவியாக்கிக்கொண்டே இருக்கும். அதனால் அதன் உள்ளே இழுவிசை மரத்தின் இலையில் இருப்பதைவிட அதிகம். தண்ணீர் எந்தப் பக்கம் போகும்? இழுப்பு அதிகமான பக்கம்தானே! தெருக்குழாய் லைனில் திருட்டு மோட்டார் போட்டவர் வீட்டுத் தொட்டி நிரம்புகிற கதைதான், மோட்டார் மட்டும் இல்லை. ஊதாரித்தனமே இங்கே மோட்டார்.

பாலைவனத்தில் வாழ்கிற செடி தண்ணீரை இப்படி வீணடிக்கலாமா? 1985-ல் எலரிங்கர், ஷுல்ட்சே முதலானவர்கள் 'சயின்ஸ்' இதழில் ஒரு விளக்கம் சொன்னார்கள். சைலத்து நீரில் நைட்ரஜன் ரொம்பக் குறைவாகவே கரைந்திருக்கிறது. போதுமான நைட்ரஜன் வேண்டுமானால் நிறையத் தண்ணீரை இழுத்து வடிகட்ட வேண்டும். இடம் கொடுத்த மரத்தில் நைட்ரஜன் செழிப்பாக இருந்தால் புல்லுருவியின் தண்ணீர்ச் செலவும் மரத்தின் செலவை நெருங்கி வருகிறது என்று கார்பன் ஐசோடோப்புகளை அளந்து காட்டினார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் எல்லா இடத்திலும் இது பொருந்தவில்லை. ஆனாலும் எனக்கு ரொம்பப் பிடித்த விளக்கம் இதுதான்.

மரத்தின் கதி என்ன? ஒன்றிரண்டு கொத்து இருந்தால் தாங்கும். கொத்துகள் பெருகி, மழையும் பொய்த்தால், புல்லுருவிக்கு அப்பால் இருக்கும் கிளை நுனி முதலில் காயும். அப்புறம் மரமே போகலாம். மரம் போனால் புல்லுருவிக்கும் அன்றோடு சரி. பிணத்தில் அதற்கு வேலை இல்லை. அதனால் சாவதற்கு முன்னால் விதை வேறு மரத்துக்குப் போயாக வேண்டும்.

அந்த வேலையைச் செய்வது ஃபைனோபெப்லா என்கிற பறவை. ஆண் பளபளவென்று கறுப்பு, கண் சிவப்பு, தலையில் கொண்டை. குளிர்காலத்தில் மெஸ்கீட் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும்போது புல்லுருவி மட்டும் பச்சையாக, சிவந்த பழங்களோடு இருக்கும். ஒரு பறவை ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேல் தின்னும். தோலை உரித்துப் பிரிப்பதற்கென்றே அதன் இரைப்பை அமைந்திருக்கிறது. பசை ஒட்டிய விதைகள் எச்சத்தோடு கிளையில் விழுந்து அப்பிக்கொள்ளும். ஆனால் பழம் இருக்கிற மரத்துக்குத்தானே பறவை திரும்பத் திரும்ப வரும்! டூசானுக்குத் தெற்கே சாண்டா ரீட்டாவில் நடந்து 2002-ல் வெளியான ஓர் ஆய்வில், ஏற்கனவே புல்லுருவி பிடித்த மரங்களிலும் உயரமான மரங்களிலும்தான் விதைகள் அதிகம் விழுந்திருந்தன. பட்ட காலிலேயே படும் என்று நம்ம பாட்டிகள் சொல்வது அங்கேயும் செல்லுபடியாகிறது.

கடைசியாக என் சொந்த அசட்டுத்தனம் ஒன்று. எங்கள் வீட்டு மாமரத்திலும் புல்லுருவி உண்டு. இது வேறு இனம், பெரிய இலைகளோடு இருக்கும், வேலை அதேதான். லீவில் போனபோது அரிவாளை எடுத்துக் கொத்தை மட்டும் சீவிவிட்டு, மரத்தைக் காப்பாற்றிவிட்டேன்னு அப்பாவிடம் பெருமை அடித்தேன். அடுத்த வருஷம் அதே இடத்தில் மறுபடி துளிர்த்து நின்றது. வெளியே தெரிவதைத்தான் நான் வெட்டினேன். பட்டைக்குள் ஓடியிருந்த உறிஞ்சு வேர் அப்படியே இருந்திருக்கிறது. இந்தத் தடவை போனால் ஒட்டியிருக்கும் இடத்துக்கு ஓரடி கீழேயே கிளையை அறுக்கப் போகிறேன். அப்பா அந்தக் கிளையில்தான் காய் அதிகம் என்கிறார். இன்னும் சம்மதம் கிடைக்கவில்லை.