வேலை தேடவும் கற்றுக்கொடுப்போம்



எகிப்துக்கு ஓடிப்போன திருக்குடும்பத்தை நினைக்கும்போது நடு இரவும் வழிப்பயணமுமே நம் கண்முன் வருகின்றன. போய்ச் சேர்ந்த மறுநாளைப் பற்றி நாம் யோசிப்பதில்லை. முன்பின் அறியாத தச்சர் ஒருவருக்கு அந்நிய ஊரில் யார் நம்பி வேலை கொடுத்திருப்பார்கள்? அர்ச். சூசையப்பரும் வாசல் வாசலாகக் கேட்டுத்தான் இருக்கவேண்டும்.

இந்நிலைமை நமக்கு அருகிலேயே இருக்கிறது. 1983 முதல் 2009 வரை இலங்கையில் நடந்த யுத்தத்தில் கடல் தாண்டி வந்த தமிழர் பலர் மண்டபம், கும்மிடிப்பூண்டி, பவானிசாகர் முதலிய இடங்களில் முகாம்களில் வாழ்கிறார்கள். அங்கே வளர்ந்து பட்டம் பெற்ற பிள்ளைகளிலும் பலர் சுவருக்கு வர்ணம் பூசிப் பிழைக்கிறார்கள். குடியுரிமை இல்லாததால் சர்க்கார் உத்தியோகம் கிடையாது. எஞ்சியிருப்பது தனியார் வேலையே. அதைத் தேடும் வழியைச் சொல்லிக்கொடுக்க நம்மால் முடியும். எப்படி?

முதலாவது, கேட்டறியுங்கள். "உனக்கு என்ன தெரியும்?" என்றால் "ஒன்றும் தெரியாது" என்பார்கள். "இதுவரை என்னென்ன செய்தாய்?" என்று கேளுங்கள். பத்துப் பேரைக் கூட்டிப்போய் வேலை முடித்துக் கூலி பிரித்துக் கொடுத்தவனுக்கு மேஸ்திரி வேலையும் தெரியும், கணக்கும் தெரியும். முகாமில் மாலைப் பாடம் நடத்திய பெண் போதிக்கப் பழகியவள். இவற்றைத் தாளில் எழுதவையுங்கள்.

இரண்டாவது, விண்ணப்பம் இவ்வூர் முதலாளிக்கு விளங்கவேண்டும். இலங்கையில் படித்த பெரியவர் "சாதாரண தரம்" தேறியிருந்தால், "பத்தாம் வகுப்புக்கு ஒப்பானது" என்று பக்கத்தில் எழுதட்டும். அங்கே மேசன் என்பவர் இங்கே கொத்தனார்.

மூன்றாவது, பேட்டிக்கு ஒத்திகை பாருங்கள். நீங்களே முதலாளியாக உட்கார்ந்து, "எந்த ஊர்?" என்று கேளுங்கள். முகாமை மறைக்கும்படி ஒருபோதும் சொல்லாதீர்கள். பின்னால் தெரியவந்தால் பொய்யன் என்ற பெயரும் சேரும். "முகாமில் பதிவு பெற்றவன். அடையாள அட்டை இதோ. பதிவுச் சோதனை நாளில் மட்டும் விடுமுறை வேண்டும்" என்று தலைநிமிர்ந்து சொல்லப் பழக்குங்கள்.

நான்காவது, மோசக்காரரைப் பற்றி எச்சரியுங்கள். வேலை தருவதற்கு முன்பணம் கேட்பவனை நம்பலாகாது. அசல் சான்றிதழை ஒப்படைக்கலாகாது, நகல் போதும். படகில் வெளிதேசம் அனுப்புகிறேன் என்பவன் பேச்சுக்குச் செவி கொடுக்கவே கூடாது.

ஐந்தாவது பாடம் நமக்கே உரியது. விண்ணப்பமும் ஒத்திகையும் ஒருவனை வாசல் வரை கொண்டுபோய் விடும். கதவைத் திறப்பதோ தெரிந்தவர் சொல்லும் ஒரு வார்த்தை. நம் பிள்ளைக்குச் சிபாரிசு சொல்ல மாமனும் சித்தப்பனும் உண்டு. அகதிப் பிள்ளைக்கு யார் உண்டு? கடையும் பட்டறையும் வைத்திருக்கும் நாமே, "வீண் தொந்தரவு வருமோ" என்று பயந்து, விசாரியாமலே அனுப்பிவிடுகிறோம் அல்லவா? அகதிக்கு வேலை தேடக் கற்பிக்கும் முன், நாம் விசாரித்து அறியக் கற்கவேண்டும்.

இவ்வாரம் இரவு ஜெபம் முடிந்ததும், பெற்றோரும் பிள்ளைகளும் கூடி ஒரு கேள்வியை யோசியுங்கள்: நமக்குத் தெரிந்த எந்த வாசலில், அவர்களில் ஒருவரை நாமே அழைத்துப்போய், "இவரை எனக்குத் தெரியும்" என்று சொல்லலாம்?